மாப்பிள்ளை போட்ட சாம்பல்

என் தோட்டத்துப் பூசணியின் படம் இன்னும் கம்பெனி வாசலில் தொங்குகிறது. தாமிரம் உருக்கும் ஆலைக்குள் போகிற ஒவ்வொரு லாரியும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போகிறது. கொடி படர்ந்து, இலை முறம் அகலத்துக்கு விரிந்து, நடுவில் பூசணி ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. கீழே கொட்டை எழுத்தில், ‘எங்கள் அண்டை வீட்டார் செழிக்கிறார்கள்’ என்று போட்டிருக்கிறார்கள். அண்டை வீட்டாராம். அந்த ஆலைக்குள் வேலை செய்து, அந்தப் புகையையே குடித்து, இருமி இருமிச் செத்தான் என் புருஷன். அப்போது ஒரு அண்டை வீட்டானும் எட்டிப் பார்க்கவில்லை.

அந்தப் புகைக்கு எங்கள் சிம்வாசா குடியிருப்பில் சென்டா என்று பெயர். காற்று எங்கள் பக்கம் திரும்பினால் தொண்டையில் மிளகாயைத் தேய்த்ததுபோல் எரியும். அதைக்கூடக் கதவைச் சாத்திக்கொண்டு சமாளித்துவிடலாம். மழையோடு சேர்ந்து இறங்கும்போதுதான் அதன் சுயரூபம் தெரியும். தகரக் கூரை சல்லடையாகும். கொடியில் காயப்போட்ட துணி தொட்டால் கிழியும். மண்ணுக்கு என்ன ஆகும் என்று கேட்டால், எங்கள் தெருவில் யார் வீட்டுச் சோளத்தையாவது பிடுங்கிப் பார்க்கலாம். முழங்கால் உயரத்தில் மஞ்சளாக நிற்கும். வேர் நீளமாகவே ஓடியிருக்காது, சுட்ட திரி மாதிரி கட்டையாக இருக்கும். ஊர் உலகமெல்லாம் மழையைப் பார்த்து விதைக்கிறது. எங்களுக்கு ஒவ்வொரு மழையும் மண்ணில் மிச்சம் மீதி இருந்ததைக் கழுவி எடுத்துக்கொண்டுதான் போனது.

வழக்குப் போட்டோம். கம்பெனி ஒரு நிபுணரைக் கூட்டிவந்தது. அவர் எழுந்து நின்று, இந்த நாட்டு மண்ணே கிழட்டு மண், லட்சக்கணக்கான வருஷ மழையில் சத்தெல்லாம் எப்போதோ போய்விட்டது, அது பிறவியிலேயே ஏழை மண், இதில் ஆலையின் பங்கு என்ன இருக்கிறது என்று கேட்டார். போதாததற்குப் பெண்கள் தினமும் வாசலைப் பெருக்கிப் பெருக்கி மேல்மண்ணைத் தள்ளிவிடுகிறார்கள் என்றும் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்துவிட்டேன்.

“ஐயா, ஏழை மண்ணுன்னே வெச்சுக்குவோம். ஏழை வீட்டுல கொஞ்சம்தான் இருக்கும். அந்தக் கொஞ்சத்தையும் எடுத்துட்டுப் போனவன் திருடன் இல்லையா?”

நீதிபதி என்னை உட்காரச் சொன்னார். ஆனால் கேட்டுக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் அதற்கப்புறம்தான், ரெண்டு பக்கமும் சாராத ஆட்கள் தலைநகர் லுசாகாவிலிருந்து வந்து மண்ணைச் சோதிக்கட்டும் என்று உத்தரவு போட்டார். தெருவுக்கு ஒரு தோட்டம், அதில் ஒரு புள்ளி. மண் செத்தது என்று நிரூபணமானால் அந்தத் தெருவில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆற்றுக்கு அந்தப் பக்கம், புகை போகாத திசையில், கம்பெனி விவசாய நிலம் தரவேண்டும். சோதனை முடியும்வரை அந்த மண்ணை யாரும் தொடக்கூடாது.

கோர்ட்டில் சீட்டுக் குலுக்கினார்கள். எங்கள் தெருவுக்கு என் வீடு வந்தது.

தெருவே கூத்தாடியது. என் தோட்டத்தைப்போல அவ்வளவு நன்றாகச் செத்துக் கிடக்கிற தோட்டம் வேறு எதுவும் இல்லை. ஒரு கள்ளியும், காய்க்காத அவகாடோ மரமும், சாம்பல் நிறத்தில் வறண்ட மண்ணும். வருகிறவர் போகிறவரெல்லாம் வேலியில் சாய்ந்து அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள்.

பக்கத்து வீட்டு ஜெரேவுக்குத்தான் வாய் நீளம். அவன் இங்கோனி இனம், நாங்கள் பெம்பா. ரெண்டு இனத்துக்கும் கேலி பேசும் முறை உண்டு. எழவு வீட்டில்கூட ஒருவரை ஒருவர் வாரிவிடலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. அவன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, “ஏ குரங்கு தின்னி, உன் கை பட்டா கள்ளிகூட கருகுது. அந்தக் கையாலயும் ஊருக்கு ஒரு நல்லது நடக்கப்போவுது பாரேன்” என்றான்.

“எலி தின்னிக்கு நிலம் கெடைச்சா என்ன செய்வே? வளை தோண்டுவியா?” என்றேன்.

“மொதல்ல தோண்டுவேன். அப்புறம் உன்னையும் விருந்துக்குக் கூப்பிடுவேன்.”

நான் யாருக்கும் சொல்லாமல் ஒருநாள் ஆற்றைத் தாண்டிப் போய் அந்த நிலத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். புல் இடுப்பளவு நின்றது. குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தேன். ஈரமாக, கறுப்பாக, விரலில் ஒட்டியது. கொஞ்சம் நாக்கில் வைத்துப் பார்த்தேன். கசப்பு இல்லை. ஒரு கரையான் புற்றை ஒட்டியிருந்த மூலை எனக்கு வந்தால் நன்றாக இருக்கும் என்று மனசுக்குள் வேலிகூடப் போட்டுவிட்டேன். அந்த மூலையை நினைத்துக்கொண்டேதான் அந்த மாதம் முழுவதும் தூங்கினேன்.

இங்கே என் மாப்பிள்ளை லோம்பேயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் ஒரே மகள் கசொண்டேயைக் கட்டியவன். நல்லவன். அவனைத் திட்ட வேண்டுமானால்கூட நல்லவன் என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. காட்டில் கரி சுட்டு லாரியில் ஏற்றி அனுப்புகிற தொழில். ரெண்டு பேரும் காட்டோரம் குடியிருந்தார்கள், எங்கள் தெருவின் வழக்கு விவரம் அவர்கள் வரைக்கும் போகவில்லை. கல்யாணம் ஆனாலும், மாமியார் வீட்டுக்குள் அவனை முறைப்படி அழைக்கிற விருந்தை நான் இன்னும் போடவில்லை. அது முடிகிறவரை மாமியாரும் மாப்பிள்ளையும் முகம் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. அவன் வந்தால் நான் உள்ளே போய்விடுவேன். தெருவில் எதிரே வந்தால் ஒருவர் விலகிக் குறுக்குச் சந்தில் நுழைய வேண்டும். சொல்ல வேண்டியதைக் கசொண்டே மூலம்தான் சொல்லுவோம்.

எங்கள் வடக்கத்திக் கிராமங்களில் இன்னொரு வழக்கமும் உண்டு. மாப்பிள்ளையானவன் மாமியாருக்காகக் கிளைகளை வெட்டிக் குவித்து எரித்து, அந்தச் சாம்பலில் கேழ்வரகு விதைக்க ஒரு நிலம் தயார் செய்து கொடுக்க வேண்டும். சுரங்க ஊரில் மரமும் இல்லை, இடமும் இல்லை. இங்கே மாப்பிள்ளைகள் ஒரு ரேடியோவோ ரெண்டு கூரைத் தகடோ வாங்கிக் கொடுத்து அந்தக் கடனைக் கழித்துவிடுகிறார்கள். லோம்பே காட்டுப்பிள்ளை. ரேடியோ கொடுத்து ஏமாற்ற அவனுக்குத் தெரியவில்லை.

சோதனைக்காரர்கள் வருவதற்கு முந்தைய நாள் அவன் லாரி வந்து நின்றது. எனக்குக் கழிவறைக் குழி ஒன்று தோண்டித் தருவான் என்று கசொண்டே ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அவள் கூட வரவில்லை, ந்தோலாவுக்குக் கரி விற்கப் போயிருந்தாள். நான் வழக்கப்படி உள்ளே போய்க் கதவைச் சாத்தி, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மண்வெட்டிச் சத்தம் கேட்டது. ஓயாமல் கேட்டது. என்ன ஒரு உழைப்பாளி என்று பெருமையாக இருந்தது. நடுவில் ஜெரே வேலியோரம் நின்று கத்துவதும், லோம்பே விழுந்து விழுந்து சிரிப்பதும் கேட்டது. வார்த்தை பிடிபடவில்லை. வழக்கமான வாரல் என்று நினைத்து நானும் உள்ளே உட்கார்ந்து சிரித்தேன்.

லாரி கிளம்பிப் போன பிறகு வெளியே வந்தேன். கழிவறைப் பக்கம் ஒரு குழியும் இல்லை. தோட்டம் கறுப்பாக இருந்தது.

கரி சுட்ட இடத்துச் சாம்பலை மூட்டை மூட்டையாகக் கொட்டி, முழங்கை ஆழத்துக்கு வெட்டிப் புரட்டி, மேலே சிவப்புப் புற்றுமண்ணைத் தூவி, வரப்புக் கட்டி, அழகாகச் சமப்படுத்தி வைத்திருந்தான். சோதனைப் புள்ளிக்கு அடையாளமாகக் கோர்ட் ஆள் நட்டிருந்த குச்சியை மட்டும் மரியாதையாகப் பிடுங்கி, வேலை முடிந்ததும் அதே இடத்தில் திருப்பி நட்டிருந்தான். குழி என்றது சாக்கு, மாமியாருக்கு நிலம் தயார் செய்யும் கடனை எனக்குத் தெரியாமல் கழித்துவிட்டான்.

ஜெரே அவன் வீட்டுப் படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

“பார்த்துக்கிட்டுத்தானே நின்னே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று கேட்டேன்.

“சொன்னேன்.”

“என்ன சொன்னே?”

“டேய் போடாதடா, இது சோதனைக்கு வெச்ச மண்ணு, நீ சாம்பல் போட்டா தெருவே நாசமாப்போகும், உன் மாமியா உன்னை உரிச்சுத் தொங்கவிடுவான்னேன். தொண்டை கிழியக் கத்தினேன். நான் கத்தக் கத்த அவன் சிரிக்கிறான். ‘எலி தின்னி, நல்ல தோட்டத்தைப் பார்த்தா உனக்கு வயிறு எரியுதா’ங்கறான். வேலியைத் தாண்டி மண்வெட்டியைப் பிடுங்கினேன். அதுக்கும் சிரிச்சு என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான். நான் என்ன பண்ணட்டும், பனா கசொண்டே? ஒரு நாளாவது இவனுங்ககிட்ட நான் நிஜம் பேசியிருந்தா நம்பியிருப்பான்.”

கசொண்டேயின் அம்மா என்று முறையாக என்னை அவன் கூப்பிட்டது அன்றைக்குத்தான். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

தெருவில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் அள்ளிவிட்டு ஜெரே வீட்டு மண்ணைக் கொண்டுவந்து நிரப்பிவிடலாம் என்றார்கள். ரெண்டும் ஒரே செத்த மண்தானே, யாருக்குத் தெரியும் என்றார்கள். நான் மாட்டேன் என்றேன். உண்மை நம் பக்கம் இருக்கும்போது எதற்குத் திருட்டுத்தனம், நடந்ததை அப்படியே சொல்கிறேன், படித்தவர்கள் புரிந்துகொள்வார்கள் என்று வாதாடினேன். தெரு என் பேச்சைக் கேட்டது. கேட்காமல் இருந்திருக்கலாம்.

காலையில் ஹமூங்கா என்ற பெண் அதிகாரி வந்தாள். சின்ன வயசு, பூட்ஸ் போட்டிருந்தாள். கூடவே கம்பெனி ஆள் ஒருவர், வெள்ளைச் சட்டையில். அவள் குழாயை இறக்கி மண்ணை எடுத்து, தண்ணீரில் கரைத்து, ஏதோ காகிதத்தை முக்கினாள். காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் முக்கினாள்.

“அம்மா, இந்தப் பக்கத்துல இவ்வளவு நல்ல மண்ணை நான் பார்த்ததே இல்லையே” என்றாள்.

நான் சொன்னேன். சாம்பல், மாப்பிள்ளை, முறை, கழிவறைக் குழி, எல்லாம் சொன்னேன். ஜெரே சாட்சி சொன்னான். அவள் கவனமாகக் கேட்டாள். கம்பெனி ஆளும் கேட்டார், அவர் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு ஏறியது.

“அப்போ மண்ணுல கை வெச்சிருக்கீங்க” என்றார்.

“மோசமாக்கவா கை வெச்சோம்? நல்லாக்கி வெச்சிருக்கு ஐயா. எங்க தலையில நாங்களே மண்ணை வாரிப் போடுவமா?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. ஒண்ணு, மண்ணு நல்லா இருக்கு. இல்லேன்னா நீங்க கோர்ட் உத்தரவை மீறியிருக்கீங்க. எது வேணுமோ நீங்களே சொல்லுங்க.”

நான் ஹமூங்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். “மகளே, ரெண்டடி தள்ளி எடு. அந்தக் கள்ளிக்குப் பக்கத்துல எடு. ஜெரே வீட்டுல எடு.”

“எடுத்தா செல்லாதும்மா. புள்ளி இங்கதான் வெச்சிருக்காங்க.” கிளம்பும்போது கம்பெனி ஆளுக்குக் கேட்காதபடி சொன்னாள்: “இந்த ஊரு மண்ணுக்குச் சத்தைப் பிடிச்சு வெச்சுக்கிற பலம் கெடையாது. உங்க மழை வேற புளிச்ச மழை. உங்க மாப்பிள்ளை போட்டது ஒரு வருஷம் தாங்கும். அப்புறம் சுண்ணாம்புச் சத்து, மத்த சத்து எல்லாம் கரைஞ்சு கீழ போயிடும். அதையும் எழுதித்தான் கொடுக்கறேன். படிப்பாங்களான்னு தெரியல.”

யாரும் படிக்கவில்லை. கம்பெனி வக்கீல், வெள்ளைச் சட்டைக்காரர் சொன்ன அதே ரெண்டு வாக்கியத்தைக் கோர்ட்டில் சொன்னார். எங்கள் தெருவுக்கு நிலம் இல்லை என்று தீர்ப்பானது. பக்கத்துத் தெருக்காரர்கள் ஜெயித்து ஆற்றைத் தாண்டிப் போனார்கள். புற்றை ஒட்டிய அந்த மூலை யாருக்குப் போனது என்று நான் விசாரிக்கவில்லை.

மழை வந்தது. என் தோட்டம் மட்டும் பச்சை பிடித்தது. பூசணி கொடியோடிக் காய்த்துத் தள்ளியது. தெருவில் ஒருவரும் என்னோடு பேசவில்லை, ஆனால் எல்லாரும் வேலி வழியாக அந்தப் பூசணியைப் பார்த்தார்கள். தண்ணீர்க் குழாயடியில் நான் போய் நின்றால் பேச்சு நிற்கும். ஒரு காயை அறுத்து எதிர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன், என் வாசலிலேயே திரும்ப வந்து கிடந்தது. கம்பெனியிலிருந்து ஒருவன் கேமராவோடு வந்தான். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு விரட்டினேன். அவன் தெருவில் நின்றபடியே எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

லோம்பேவுக்கு எதுவும் தெரியாது. கசொண்டே என் காலில் விழுந்துவிட்டாள்.

“அம்மா, சொல்லாதே. உனக்காகத்தான் செஞ்சாரு. தெரிஞ்சா அவர் இந்த ஊர்ப்பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டாரு. என்னையும் விட்டுட்டுப் போயிடுவாரு. விருந்து போடு. முகம் பார்த்துப் பேச முறை வரட்டும், அப்போ நீயே பக்குவமாச் சொல்லு.”

தெருக்காரர்களும் அவனிடம் மூச்சுவிடவில்லை. அவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மாமியார் வீட்டுத் தெரு, மரியாதை காட்டுகிறார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டானாம். ஜெரே மட்டும் அவன் லாரியைப் பார்க்கும்போதெல்லாம், “வாடா எங்க நிலத்தை எரிச்சவனே” என்று கூப்பிடுவான். அவனும், “வரேண்டா எலி தின்னி” என்று சந்தோஷமாகப் பதில் கொடுப்பான். கம்பெனி வாசல் வழியாகப் போகும்போது அந்தப் படத்தைப் பார்த்து ஹாரன் அடித்துவிட்டுத்தான் போவானாம். என் மாமியார் தோட்டம் என்று கூட வருகிறவர்களிடம் காட்டுவானாம்.

அடுத்த மழை வந்தது. ஹமூங்கா சொன்னபடியே நடந்தது. இலை ஓரம் கருகிச் சுருண்டது, பூ பிஞ்சாகாமல் உதிர்ந்தது. ஒரு கை மண்ணை அள்ளினால் பழைய சாம்பல் நிறம். கருகிய கொடியை வேரோடு பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு கம்பெனி வாசலுக்குப் போனேன். யாரையாவது பார்க்க வேண்டும் என்றேன். காவல்காரன் என் புருஷனோடு வேலை பார்த்தவனின் மகன்தான். அவன் கொடியைப் பார்க்காமல் மேலே தொங்கிய படத்தைக் காட்டினான்.

“உங்க தோட்டம்தான் நல்லா இருக்கே அம்மா” என்றான்.

கசொண்டே கர்ப்பமானாள். புற்றுமண் வேண்டும் என்று ஆசைப்பட்டாள், எங்கள் பெண்கள் எல்லாரும் அந்தச் சமயத்தில் தின்பதுதான். என் வீட்டுப் பின்னால் இருந்த புற்றிலிருந்து ஒரு கட்டி உடைத்துக் கொடுத்தேன். வாயில் போட்டவள் முகத்தைச் சுளித்துத் துப்பிவிட்டாள். சந்தையில் போய் வேறு வாங்கிவந்தேன். இனியும் தள்ளிப்போடக் கூடாது, பிள்ளை பிறக்குமுன் மாப்பிள்ளையை உள்ளே அழைத்துவிடுவோம் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அவனிடம் சொல்ல வேண்டியதையும் அன்றிலிருந்தே மனசுக்குள் அடுக்க ஆரம்பித்தேன். எத்தனையோ விதமாக அடுக்கினேன். எப்படி அடுக்கினாலும் கடைசியில் திட்டாகத்தான் முடிந்தது.

விருந்துக்கு ஒன்றும் குறை வைக்கவில்லை. முழுக்கோழி, பீன்ஸ், காய்ந்த கம்பளிப்புழு வறுவல், கருவாடு, வேர்க்கடலை அரைத்துவிட்ட பூசணி இலை, அவித்த பூசணி, ஆவி பறக்கும் சோளக்களி. என் வீட்டில் என்னவெல்லாம் சமைப்போம் என்று மாப்பிள்ளைக்குக் காட்டுவதுதான் இந்த விருந்து. என் நாத்தனார் ஒவ்வொரு சட்டியாக மூடியைத் திறந்து பெயர் சொன்னாள். தெருவில் யாரும் வரவில்லை. ஜெரே மட்டும், கேலிமுறைக்காரன் இல்லாமல் விருந்தா என்று சொல்லிக்கொண்டு சுவரோரம் வந்து உட்கார்ந்திருந்தான்.

லோம்பே பாயில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். நாத்தனார் என் கையில் தண்ணீர்க் கிண்ணத்தைக் கொடுத்தாள். நான் அவன் கைகளில் ஊற்றினேன். நகக்கண்ணிலெல்லாம் கரி படிந்த கைகள். அத்தோடு தடை நீங்கியது. இனிப் பேசலாம்.

நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவன் முந்திக்கொண்டான். இத்தனை நாளாக அவனும் ஒரு பேச்சைச் சேர்த்துவைத்திருக்கிறான் போல.

“அம்மா,” என்றான், குனிந்த தலை நிமிராமல், “இந்தப் பூசணி நம்ம தோட்டத்துதா?”

கசொண்டே என்னைப் பார்த்தாள்.

“இல்ல மகனே. சந்தையில வாங்கினது. ஆத்துக்கு அந்தப் பக்கத்துப் பூசணி.”

“நம்மளுது என்ன ஆச்சும்மா? சாம்பல் பத்தலையா? அடுத்த லாரியிலயே கொண்டுவந்து கொட்டிடறேன்.”

அடுக்கி வைத்ததெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அப்போது ஜெரே சுவரோரத்திலிருந்து மெதுவாகச் சொன்னான், கத்தவில்லை:

“உன் சாம்பல்தாண்டா எங்க நிலத்தை எரிச்சது. அந்தப் பூசணி விளையுதே, அது எங்களுக்கு வரவேண்டிய மண்ணு. உன்னாலதான் போச்சு.”

லோம்பே சிரித்தான். வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தான். சிரித்தபடியே, இவன் பேச்சைப் பார்த்தீங்களா அம்மா என்பதுபோல், தலையை நிமிர்த்தி முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான்.

நான் சிரிக்கவில்லை.